நாலாம் நம்பர் அறைக்காரரின் அக்கா

என் தங்கையைக் கட்டிய மாப்பிள்ளை ஒரு லாட்ஜ் வைத்திருந்தார். அது அவர் கட்டியதல்ல. அவருடைய பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை. பெரியம்மா போன பிறகு அந்த மனிதருக்குக் கடைசிவரை கஞ்சி ஊற்றியது மாப்பிள்ளையின் அம்மாதான். அந்த நன்றிக்கு அவர் எழுதிவைத்துவிட்டுப் போன கட்டடம். இரண்டு மாடி, பத்து அறை. கீழே கவுன்ட்டர், கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு கதவு, கதவைத் திறந்தால் என் தங்கையின் சமையலறை.

தெருக்கோடியில் பெரிய மைதானம் வந்தது. அதுவரை அறைகள் பாதி காற்று வாங்கிக்கொண்டு கிடந்தன. மைதானம் வந்த பிறகும் சாதாரண நாளில் அதே கதைதான். ஆனால் பெரிய மேட்ச் என்று அறிவித்துவிட்டால் போதும், ஊரே தலையணை தேடி அலையும். அப்போது அறைக்கு என்ன ரேட் போடுவது என்பதுதான் மாப்பிள்ளைக்குப் பெரிய யோசனை. அதிகமாகச் சொன்னால் ஆள் போய்விடும். குறைவாகச் சொன்னால் ராத்திரி தூக்கம் போய்விடும்.

அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். எதிர்ச்சாரியில் பச்சை பெயின்ட் அடித்த லாட்ஜ் ஒன்று உண்டு. அந்தப் பச்சைக் கட்டடத்துக்காரருக்கு வெளியூர் ஆள் மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு போன் போடுவார்.

"சார், மேட்ச் அன்னிக்கு ரூம் இருக்குங்களா? என்ன ரேட்டு?"

"இருக்கு. ஜலதோஷத்துக்கு நல்லா ஆவி பிடிங்க. போன மேட்சுக்கும் இதே மூக்கடைப்போடதான் கேட்டீங்க."

ஆனாலும் ரேட்டைச் சொல்லிவிடுவார். ஏனென்றால் மறுநாள் அவரும் தன் மனைவியை விட்டு இங்கே போன் போடச் சொல்வார். பச்சைக்காரர் சொன்னதற்கு மேல் கொஞ்சம் ஏற்றி மாப்பிள்ளை வைப்பார். கேட்டால், "நம்மகிட்ட வெந்நீர் வருதுல்ல மச்சான்" என்பார்.

பத்து அறையில் நாலாம் நம்பர் மட்டும் மாச வாடகை. அதில் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் வருஷக்கணக்காக இருந்தார். பகலெல்லாம் ஊரில் உள்ள கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்த்துவிட்டு, சாயங்காலம் இங்கே படியேறி வருவார். "ஊரை எல்லாம் மேல ஏத்திட்டு நீங்க நடந்து வர்றீங்களே அண்ணே" என்று என் தங்கை கேலி பண்ணுவாள். அவர் அவளைத் தங்கச்சி என்பார், மாப்பிள்ளையை ஓனரே என்பார். சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை.

ஒரு தடவை அரையிறுதி ஆட்டமோ என்னவோ, கூட்டம் தாங்கவில்லை. நாலாம் நம்பரும் கிடைத்தால் தேவலை என்று மாப்பிள்ளைக்குத் தோன்றிவிட்டது. படியில் நின்றுகொண்டு தலையைச் சொறிந்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. ஒரு மூணு நாள் மட்டும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க முடியுமா? அந்த மூணு நாள் வாடகையைக் கழிச்சுக்கலாம்."

லிஃப்ட்டுக்காரர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தாராம். பிறகு சிரித்தார்.

"அதுக்கென்ன ஓனரே. எங்க அக்கா வீடு இருக்கு. போய்ப் பார்த்தே ரொம்ப நாளாச்சு."

என் தங்கை உறவுமுறை என்றால் விட மாட்டாள். அக்காவுக்கு எத்தனை பிள்ளை, அக்கா வீட்டுக்காரர் என்ன வேலை என்று அடுப்படியிலிருந்தே கேட்டாள். ஒரே பெண், ஏழாவது படிக்கிறாள் என்று பதில் வந்தது. உடனே ஒரு பை நிறைய ஆரஞ்சும் அந்தப் பெண்ணுக்கு ஒரு பென்சில் பெட்டியும் வாங்கிக் கொடுத்தனுப்பினாள். அதற்கப்புறம் ஒவ்வொரு பெரிய மேட்சுக்கும் அவர் பையைத் தூக்குவார், இவள் பழமும் பென்சில் பெட்டியும் கொடுப்பாள். திரும்பி வந்ததும் விசாரணை.

"பாப்பா இப்ப என்ன படிக்கிறா அண்ணே?"

"ஏழாவது தங்கச்சி."

"போன வருஷமும் ஏழாவதுதானே சொன்னீங்க?"

"ஃபெயிலாயிட்டா. கணக்கு வரலை."

ஐயோ பாவம் என்று அடுத்த தடவை பெரிய பென்சில் பெட்டியாக வாங்கினாள்.

இதற்கிடையில் பச்சைக் கட்டடத்து ரேட் மேட்சுக்கு மேட்ச் ஏறிக்கொண்டே போனது. மாப்பிள்ளை போனில் கேட்பார், வாயைப் பிளப்பார், அதற்கு மேல் தானும் ஏற்றுவார். நாலாம் நம்பருக்கும் அதே ரேட்தான். "அவன் கேட்கிறான், கொடுக்கிறவன் கொடுக்கிறான், நான் மட்டும் என்ன தர்ம சத்திரமா?" என்று என்னிடமே சொன்னார். நானும் தலையாட்டினேன்.

இறுதி ஆட்டத்தன்று ஒரே அறைக்கு எட்டுப் பேர் வந்து இறங்கிவிட்டார்கள். பாய் மெத்தை போதவில்லை. இரண்டு மெத்தை இரவல் கேட்க மாப்பிள்ளை தெருவைக் கடந்து பச்சைக் கட்டடத்துக்குப் போனார். போட்டி என்றாலும் இந்தக் கொடுக்கல் வாங்கல் அவர்களுக்குள் உண்டு. "மேல மூலை ரூம் பக்கத்துல அடுக்கி வெச்சிருக்கேன், வாங்க" என்று பச்சைக்காரர் கூட்டிப்போனார்.

மூலை அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் உட்கார்ந்து லிஃப்ட்டுக்காரர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் மேடையில் பென்சில் பெட்டிகள் வரிசையாக இருந்தன, விலைச் சீட்டு கூடப் பிரிக்காமல்.

பச்சைக்காரர் மாப்பிள்ளையின் தோளைத் தட்டினார். "இவருதான் நம்ம முதல் போணி. மேட்ச்சுன்னா மொதல்ல வந்து நிப்பாரு. எவ்வளவு சொன்னாலும் மறுபேச்சு இல்லை. இவருகிட்ட ஒரு ரேட்டைச் சொல்லிப் பார்ப்பேன், கொடுத்துட்டார்னா அதையே எல்லாருக்கும் போட்டுடுவேன். இவரோட பென்சில் டப்பாவைக்கூட நான்தான் பத்திரமா வெச்சிருக்கேன்னா பாருங்களேன்!"

மாப்பிள்ளைக்கு அப்போதுதான் கணக்குப் புரிந்தது. லிஃப்ட்டுக்காரரை வைத்துப் பச்சைக்காரர் ரேட் போட்டார். பச்சைக்காரரை வைத்து மாப்பிள்ளை ரேட் போட்டார். தான் வெளியே அனுப்பிய மனிதர் கொடுத்த காசுதான் சுற்றிவந்து தன் கவுன்ட்டரில் ரேட்டாக நின்றது.

லிஃப்ட்டுக்காரர்தான் முதலில் எழுந்தார். "அக்கா ஊருக்குப் போயிருக்காங்க ஓனரே. வீடு பூட்டியிருந்தது. அதான்" என்றார். மாப்பிள்ளை பென்சில் பெட்டிகளைப் பார்த்தார். லிஃப்ட்டுக்காரரும் பார்த்தார்.

பச்சைக்காரர் மெத்தையை எடுக்க நகர்ந்ததும் லிஃப்ட்டுக்காரர் தாழ்ந்த குரலில் சொன்னார். "எனக்கு அக்கா எல்லாம் யாரும் இல்லை ஓனரே. எங்க அம்மாவுக்கு நான் ஒருத்தன்தான். உங்க பிழைப்பு எனக்குப் புரியுது. தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்த கை, மனசு விட்டுப்போயிடும்."

மாப்பிள்ளை மெத்தையை எடுக்காமலே திரும்பிவிட்டார். அன்று எட்டுப் பேரும் வெறும் தரையில் படுத்துக்கொண்டு அவரைத் திட்டினார்கள். மேட்ச் முடிந்து நாலாம் நம்பர் காலியானதும் தானே அந்த அறையைப் பெருக்கி, விரிப்பு மாற்றினார். அந்த அறைக்கு வந்த மேட்ச் காசை ஒரு கவரில் போட்டு லிஃப்ட்டுக்காரரிடம் நீட்டினார். "விடுங்க ஓனரே" என்று அவர் கையை மடக்கிவிட்டார். இனி யார் வந்தாலும் நாலாம் நம்பரைத் தொடுவதில்லை என்று மாப்பிள்ளை முடிவு பண்ணிக்கொண்டார்.

முடிவைத் தன் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்றுதான் முடிவு பண்ணவில்லை.

அடுத்த மேட்ச் வந்தது. மாப்பிள்ளை கடைத்தெருவிலிருந்து வரும்போது என் தங்கை கவுன்ட்டரில் போனைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, நாலாம் நம்பரைக் கேட்கிறாங்க. நல்ல பார்ட்டி. சரின்னு சொல்லிடவா?"

"வேண்டாம். அது அவரு ரூம்."

"என்ன புதுசா? அவருக்குத்தான் அக்கா வீடு இருக்கே. நான் பென்சில் பெட்டிகூட வாங்கி வெச்சாச்சு. நாம அனுப்பாம விட்டா அந்தப் புள்ள மாமன் வரலையேன்னு அங்க ஏங்கிப்போயிடும்."

"வேண்டாம்னா விடேன்."

"காரணத்தைச் சொல்லுங்க. லைன்ல ஆள் இருக்கு."

மாப்பிள்ளைக்கு என்ன தோன்றியதோ, "அவரு அக்கா இறந்துட்டாங்க" என்று சொல்லிவிட்டார்.

அவள் போனை அப்படியே வைத்துவிட்டாள். காபி கலந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு விடுவிடுவென்று மாடி ஏறினாள். மாப்பிள்ளை பின்னாலேயே ஓடினார், தடுக்க வழி தெரியவில்லை.

"ஏண்ணே, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நாங்க யாரோவா? அக்காவுக்கு என்ன ஆச்சு?"

லிஃப்ட்டுக்காரர் கையில் திருப்புளியோடு விழித்தார். அவள் தோளுக்கு மேலே, வாசற்படியில் மாப்பிள்ளை இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார்.

"ஆமா தங்கச்சி" என்றார் அவர் மெதுவாக. "திடீர்னு ஆயிடுச்சு."

"பாப்பா?"

"அவங்க அப்பா கூட்டிட்டுப் போயிட்டாரு. ரொம்ப தூரம்." சொல்லும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது. நடிப்பு இல்லை மச்சான், நிஜமாகவே அழுதார் என்று மாப்பிள்ளை சொன்னார். என் தங்கையும் கூட உட்கார்ந்து அழுதாள்.

அவள் காபி தம்ளரை எடுத்துக்கொண்டு இறங்கிய பிறகு லிஃப்ட்டுக்காரர் கேட்டாராம். "வேற ஊருக்கு மாத்திட்டாங்கன்னு சொல்லியிருக்கலாமே ஓனரே. எதுக்குக் கொன்னீங்க?"

மூன்று நாளைக்கு அறையைக் கேட்டு ஆரம்பித்தது, கடைசியில் அந்த மனிதருக்கு இருந்த ஒரே சொந்தத்தையும் எடுத்தாயிற்று.

இதை எல்லாம் என் தங்கை போய்ச் சேர்ந்த பிறகுதான் அவர் என்னிடம் சொன்னார். அவள் இருந்தவரை அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அன்று சாயங்காலமே அவள் உத்தரவு போட்டுவிட்டாள்: "இனிமே அண்ணனுக்கு யாரு இருக்கா? நம்ம வீட்டுலதான் சாப்பாடு." அன்றிலிருந்து லிஃப்ட்டுக்காரர் ராத்திரிச் சாப்பாட்டுக்கு கவுன்ட்டருக்குப் பின்னால் அந்தக் கதவைத் திறந்துகொண்டு வருவார். மாப்பிள்ளைக்கு நேர் எதிரே அவருக்கு நாற்காலி. நான் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளை குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுவார். பசி அதிகம் போல என்று நினைத்துக்கொள்வேன்.

"ஏங்க, அவரு தட்டு காலியா இருக்கு, பார்த்துப் போடக் கூடாதா?" என்று என் தங்கை அதட்டுவாள்.

மாப்பிள்ளை எழுந்து போடுவார். "போதும் ஓனரே, போதும்" என்று அவர் கையை மறிக்க மறிக்க, இன்னும் ஒரு கரண்டி போட்டுவிட்டுத்தான் உட்காருவார்.