காசி வளர்த்த புல்

காசியின் ஜீப்பில் ஏறுகிறவர்கள் மடியில் ஒரு கல்லோடுதான் மலைமேல் புதூர்நாட்டில் இறங்குகிறார்கள். வழியில் உருண்டையாக எது தென்பட்டாலும் பிரேக் போடுவார். எடுத்து வந்து, பக்கத்து சீட்டுக்காரர் மடியில் வைப்பார். "கொஞ்சம் புடிச்சிக்குங்க, வூட்டாண்ட வாங்கிக்கிறேன்." இதிலிருந்துதான் அவர் வீட்டுக்குப் பின்னால் ரிசார்ட் எழும்புகிறது என்ற பேச்சு கிளம்பியது. அந்தப் பேச்சு மலையிறங்கும்போது வளைவுக்கு ஒரு மாடி ஏறி, அடிவாரம் வருவதற்குள் நீச்சல்குளமும் சேர்ந்துவிட்டது.

நேரில் போய்ப் பார்த்தால் சின்ன ஓட்டு வீடு. பின்னால் நாலு கட்டில் போடுகிற அளவுக்கு இடம். மாடி எதுவும் இல்லை. நீச்சல்குளம், கோழிக்குத் தண்ணீர் வைக்கும் பிளாஸ்டிக் தொட்டி. சுண்ணாம்பு பூசிய கற்கள் வளைந்து வளைந்து வரப்பு கட்டியிருக்கின்றன. பழைய டயருக்குள் செவ்வந்தி. நடுவில் பச்சைப் பசேலென்று ஒரு புல்வெளி.

"டூரிஸ்ட்டுங்கள இட்டுக்கினு போய் வுடறேன். அவங்க புல்லு மேல குந்திக்கினு டீ குடிக்கிறாங்க. நான் ஸ்டியரிங்க புடிச்சிக்கினே குடிக்கிறேன். பொண்டாட்டியோட ஒருநாளு அப்பிடிக் குந்தணும்னு எனக்குத் தோணாதா?" என்கிறார் காசி.

அந்த இடம் அவர் மனைவி அம்சவல்லி வருஷா வருஷம் சாமை காயவைத்த இடம். 'அறுப்புக்குள்ள வேற எடம் பண்ணித் தர்றேன்' என்று சொல்லிக் காசி அதை வாங்கிக்கொண்டார். நர்சரியில் பாய் மாதிரி சுருட்டிக் கொடுத்த புல்லைக் கொண்டுவந்து விரித்தார். கோழிகள் ஒரே வாரத்தில் அதைக் கிளறி முடித்தன. காசி மனம் தளராமல் தண்ணீர் ஊற்றினார். மழையும் கைகொடுத்தது. பச்சை மறுபடி முளைத்தது. காசி வலை கட்டினார், பார்க்க வந்தவர்களைச் செருப்பைக் கழற்ற வைத்தார்.

அம்சவல்லி ஒரு பார்வை பார்த்தார். முளைத்திருந்தது புல் இல்லை, காயவைத்தபோது சிந்திய சாமை. காசியிடம் அதைச் சொல்லாமல் வெங்காயம் உரிக்கப் போய்விட்டார். கேட்டால், "சொன்னா தண்ணி ஊத்தறத வுட்டுடுமே அந்த ஆளு! என் காட்டுக்கு வந்து ஒரு களை புடுங்கினதில்ல. இங்க பாருங்க, குந்திக்கினு ஒண்ணொண்ணா புடுங்குது."

காசி மலைக்குக் கீழே சந்தவாசல்காரர். நெல்லைத் தெரியும், கியரைத் தெரியும். சாமையைச் சோறாக மட்டுமே தெரியும். ஊருக்கே தெரிந்த விஷயம் அவருக்குத் தெரிந்தது, பக்கத்து வீட்டு கெங்கம்மாள் ஜீப்பின் பின்சீட்டிலிருந்து கேட்டபோதுதான்.

"இன்னாப்பா காசி, உன் புல்லு கதிர் வுட்டுக்குதாமே? உப்புமாவுக்கு ஆவுமா, பாயசத்துக்கு ஆவுமா?"

ஜீப்பே சிரித்தது. காசிக்குக் கியர் விழவில்லை.

வீட்டுக்கு வந்தால் அம்சவல்லி கையில் அரிவாள். குருவிகள் ஏற்கெனவே பந்தியில் உட்கார்ந்துவிட்டன.

"ஒரே ஒரு டீ குடிச்சிக்கிறேன்டி. அப்பறம் அறுத்துக்க."

"குந்தினா கதிர் உதுந்துடும் மாமா. தள்ளு."

அறுத்து முடிய அரைமணி நேரம் ஆகவில்லை. கட்டுக் கட்டியது காசிதான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. அம்சவல்லி உள்ளே போய் இரண்டு டம்ளர் டீயோடு வந்தார். அறுத்த தாள் மேலேயே உட்கார்ந்து, பக்கத்தில் தட்டிக் காட்டினார்.

"குத்துதுடி."

"டூரிஸ்ட்டுக்கும் குத்தியிருக்கும். வெளிய சொல்லியிருக்க மாட்டான்."

காசி சிரித்துவிட்டார். பாதி டீயில் அம்சவல்லி கேட்டார்: "காட்டுலேர்ந்து மத்த கட்டெல்லாம் வருது. எடம் தர்றேன்னியே, எங்க?"

"டீயில சக்கர கம்மியா கீது."

அம்சவல்லி அரிவாளை எடுத்தார். அதன் நுனியால் ஈரமண்ணில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். அகலமான பக்கம் சாமைக்கு, மிச்சம் டீக்கு. டம்ளர்களை எடுத்துக்கொண்டு கழுவப் போனார்.

காசி வாசற்படியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு கால் கட்டைவிரலால் கோட்டை அழித்து, சாமைப் பக்கமாக ஒரு சாண் தள்ளிப் புதிதாக இழுக்க ஆரம்பித்தார்.