பாதிப் பாரும் பத்துப் பாகமும்

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில், அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம் எங்களுடையது. இன்று மாமல்லபுரத்துக் கரையில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். சதுரங்கப்பட்டினம் வரைக்கும் எந்தப் படகு கடலில் நின்றுபோனாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். எஞ்சின் சத்தத்தைப் போனில் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவேன். தமிழிலும் சொல்வேன், தெலுங்கிலும் சொல்வேன். சின்ன வயதில் நெல்லூர்ப் பக்கம் ஒரு லாரி ஷெட்டில் கிடந்து கற்ற தெலுங்கு.

இத்தனை கெட்டிக்காரத்தனம் இருந்தும், போன தை மாதம் என் குடும்பத்தைக் கரையேற்றியது வேறொருவர். அந்த நன்றி மனதில் அப்படியே இருக்கிறது. எழுதி வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

என் மகள் கட்டிக்கொண்டது மீனவக் குப்பத்துப் பையனை. நான் வாங்கிக்கொடுத்த பைபர் படகில் மருமகன் வடக்கே போய், ஆந்திரக் கரையை ஒட்டித் திருக்கை வலை போட்டிருக்கிறார். முட்டையிட வந்த பங்குனி ஆமை ஒன்று அதில் மாட்டிச் செத்துவிட்டது. அந்த ஊர்க்காரர்கள் ஆமை வரும் மாதங்களில் அங்கே வலை போடுவதில்லை. படகையும் ஆட்களையும் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அடிக்கவில்லை, சோறு போட்டார்கள். ஆனால் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசி, வலைக்கு ஓர் எல்லை வைக்கிறவரைக்கும் விடமாட்டோம் என்றார்கள். அவர்கள் பேச்சில் நியாயம் இருந்தது. மூச்சுவிட மேலே வரமுடியாமல் வலைக்குள்ளேயே செத்த ஆமைகள் எங்கள் கரையிலும் வருஷா வருஷம் ஒதுங்கத்தான் செய்கின்றன.

மகள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் என் முன்னால் வந்து நின்றாள்.

“தெலுங்கு தெரியும், தெலுங்கு தெரியும்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியிறியே நைனா. போயி அத்த பேசு.”

பேச்சுவார்த்தை எங்கள் கரையிலேயே, வலை பின்னும் கூடத்தில் நடந்தது. அந்த ஊர்ப் பெரியவர் நாலு பேரோடு வேனில் வந்து இறங்கினார். நெடிய மனிதர். இரண்டு மாநிலத்து மீன்வளத்துறை அதிகாரிகளும் வந்து உட்கார்ந்தார்கள். மொழிபெயர்க்க நான்.

பெரியவர் மைக்கை வாங்கிச் சுருக்கமாகச் சொன்னார். ஆமை வரும் மாதங்களில் இரண்டு பக்கத்துப் படகும் திருக்கை வலையை “பதி பாரலு” தாண்டித்தான் போடவேண்டும்.

நான் வாயைத் திறப்பதற்குள் கூடம் கொதித்துவிட்டது. எங்கள் பக்கம் பாரு என்றால் கடலுக்கு அடியில் கிடக்கும் பாறைத் திட்டு. மீன் அண்டி நிற்கிற இடம், குப்பத்துக்குச் சொத்து மாதிரி. மைக் கரகரப்பில் ‘பதி’ என்றது ‘பாதி’ என்று எல்லார் காதிலும் விழுந்திருக்கிறது. எங்கள் குப்பத்துத் தலைவர், நாட்டார் என்போம், எழுந்து நின்றார்.

“பாலாத்துத் தண்ணியத்தான் மேலயே கட்டிக்கினீங்க. இப்போ பாருலயும் பாதி வோணுமா?”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பின்னாலிருந்து ஒருவன், நிலத்துக்காரனுக்குக் கடல் பேச்சில் இன்னா வேலை என்று என்னைக் குத்தினான். மருமகன் அங்கேயே கிடக்கப்போகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

நாட்டார் சொன்னதை ஒரு சொல் குறைக்காமல் தெலுங்கில் சொன்னேன். பெரியவர் கோபப்படவில்லை. தங்கள் ஊருக்கு வரும் வடபெண்ணை ஆற்றையும் மேலே இருக்கிறவர்கள்தான் கட்டி வைத்திருக்கிறார்கள், முகத்துவாரம் மணலடைத்துக் கிடக்கிறது, ஆற்றுத் தண்ணீர் கடலில் கலக்காமல் இறாலே குறைந்துபோயிற்று என்றார். தானும் ஆற்றின் கடைசியில் இருப்பவன்தானாம். அதைக் கேட்டதும் நாட்டார் மெதுவாக உட்கார்ந்தார். எங்கள் பாலாறு கடல் சேரும் இடமும் அந்த லட்சணத்தில்தானே இருக்கிறது.

ஆனால் பாரு இன்னும் நடுவில் நின்றது. ‘பதி’ என்றால் பத்து. அது எனக்குத் தெரியும். பத்துப் பாரு எங்கள் கடலில் ஏது? லாரி ஷெட்டில் யாரும் கடலை அளந்ததில்லை. அதனால் அவரையே கேட்டேன்.

அவர் மைக்கைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் பக்கவாட்டில் முழுசாக விரித்தார். இல்லாத கயிறு ஒன்றைப் பிடித்து, மார்புக்கு நேராக இழுத்து இழுத்து அளந்து காட்டினார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் பிறந்ததிலிருந்து அப்படித்தான் கயிறு அளக்கிறார்கள்.

“அட, பாகம்யா,” என்றார் நாட்டார். “பத்துப் பாகம் ஆழத்தச் சொல்றாரு.”

விரித்த இரண்டு கை நீளம் எங்களுக்குப் பாகம், அவர்களுக்குப் பார. சிரிப்பு எழுந்தது. வேனில் வந்தவர்களும் சிரித்தார்கள். பத்துப் பாகம் ஆழத்துக்கு அப்பால் வலை போட எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நாட்டார் குள்ளமான மனிதர், விவரமானவரும்கூட.

“யாரு கையில பத்து? அவரு கை பனைமரம் கணக்கா கீது. அந்தக் கையில அளந்தா துட்டெல்லாம் டீசலுக்கே பூடும்.”

பெரியவரிடம் சொன்னேன். நாட்டார் கையில் அளந்தால் ஆமை கரையிலேயே மாட்டும் என்று அவரும் பதில் கொடுத்தார். இருவரும் முதுகோடு முதுகு ஒட்டிக் கையை விரித்து நின்று பார்த்தார்கள். ஒரு முழம் வித்தியாசம் இருந்தது. அதிகாரி ஒருவர் மீட்டரில் வைத்துக்கொள்ளலாமே என்றார். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. பெரியவர்தான் என்னைக் கைகாட்டினார். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஆள், நடுவான கை.

அப்படித்தான் என் கையால் கயிறு அளந்தோம், ஊருக்கொன்றாக. எஞ்சின் தூக்கி உரமேறிய கை இது. அந்த மாதங்களில் இரண்டு மாநிலத்துத் திருக்கை வலையும் இன்று என் கையளவுக்குக் கட்டுப்பட்டு நிற்கிறது. படித்தவர்கள் எத்தனை பேருக்கு அந்தப் பாக்கியம் கிடைத்திருக்கிறது?

பெரியவர் அங்கேயே போனை எடுத்து ஊருக்குப் பேசினார். படகை விடச் சொன்னார். டீசலும் போட்டு அனுப்பச் சொன்னது என் காதில் விழுந்தது. நான் கைகூப்பினேன். அவர் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். கோபத்தை வளர்த்திருந்தால் அவருக்கு நஷ்டமில்லை, படகு அவர் கரையில்தான் இருந்தது. இருந்தும் ஒரு சொல்லை விளக்க எழுந்து நின்று கையை விரித்தார். அந்தக் கை நீண்டு வளர்ந்து நன்றாக இருக்கட்டும்.

மறுநாள் மருமகன் வந்து சேர்ந்தார். கோங்கூரா ஊறுகாய் ஒரு டப்பா கொடுத்தனுப்பியிருந்தார்கள். மகள் அவருக்குச் சோறு போட்டு, தனக்கும் ஒரு தட்டு வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். நான் கயிறு கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே கேட்டார்.

“ஏன் மாமா, அளக்க சொல்லோ கைய இன்னும் கொஞ்சம் மடக்கிக்கினா இன்னா?”