முழுசாக ஒரு முட்டை

சந்தையில் அவளுக்குத் தராசுக்காரி என்றுதான் பேர். காய் நிறுப்பதில் அவ்வளவு கறார். ஒரு தக்காளி கூடப் போனாலும் போகட்டும், குறையக் கூடாது என்பாள். எட்டு வருஷத்தில் அவள் எடையில் பொய் சொன்னது ஒரே ஒரு முறைதான். அதுவும் தன்னுடைய எடையில்.

அப்போது அவளுக்கு ஆறாம் மாதம். உடம்பு தேறாத கர்ப்பிணிகளுக்கு ஆஸ்பத்திரியில் தினம் ஒரு அவித்த முட்டை கொடுப்பார்கள். அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவாள். வாசலிலேயே அவளுடைய இரண்டு பெண் குழந்தைகளும் காத்துக் கிடக்கும். பாதி பெரியவளுக்கு, பாதி சின்னவளுக்கு. அவளுக்கு மிஞ்சுவது விரலில் ஒட்டிய மஞ்சள் கரு. புருஷன் முதுகு பிடித்துக்கொண்டு மூன்று மாதமாக வீட்டோடு கிடந்தான். அவள் வியாபாரத்தில்தான் எல்லார் வயிறும் அரைகுறையாக நிறைந்தது.

முட்டை ஆசை மட்டும் அவளை விட்டபாடில்லை. யாரும் பார்க்காத இடத்தில் ஒரு முழு முட்டையை நிதானமாகக் கடித்துத் தின்பதாகக் காய்களுக்கு நடுவே உட்கார்ந்து நினைத்துக்கொள்வாள். வாயில் எச்சில் ஊறும். உடனே பெண்களின் முகம் கண்ணில் வந்து நிற்கும். ச்சீ, நீயெல்லாம் ஒரு தாயா என்று தன்னையே திட்டிக்கொள்வாள்.

"எடை ஏறவே இல்லையே. முட்டையெல்லாம் எங்கம்மா போகுது? அடுத்த மாசமும் இப்படியே இருந்தா உனக்குக் குடுத்து என்ன பிரயோஜனம்?"

நர்ஸ் இப்படிக் கேட்டதும் முட்டையை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்துபோனாள். அடுத்த மாதம் இரண்டு கிலோ எடைக்கல்லை இடுப்பில் முடிந்துகொண்டு மெஷினில் ஏறி நின்றாள்.

நர்ஸுக்கு வாயெல்லாம் பல். "பரவாயில்லையே, நல்லா ஏறியிருக்கே. இனிமே உனக்கு முட்டை வேணாம், வேற யாருக்காவது குடுக்கலாம்" என்று பேரை அடிக்கப் பேனாவை எடுத்தாள்.

முட்டையைக் காப்பாற்றப் போய் முட்டைக்கே வேட்டு. தராசுக்காரி கல்லை அவிழ்த்து மேஜைமேல் வைத்தாள்.

நர்ஸ் திட்டவில்லை. மறுபடி ஏறச் சொன்னாள். போன மாதத்தைவிடக் கால் கிலோ கம்மி. ஒரு முட்டையை உரித்து அவள் கையில் கொடுத்தாள்.

"இங்கயே சாப்பிடு."

"வீட்ல ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டு இருப்பாங்க சிஸ்டர்."

"உள்ள இருக்கிறதும்தான் பார்த்துக்கிட்டு இருக்கு."

சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து தின்றாள். அழுகை வந்தது, ஆனாலும் ஒரு துணுக்கு மிச்சம் வைக்கவில்லை. கையைத் துடைத்துவிட்டு நர்ஸ் பக்கம் திரும்பினாள்.

"சிஸ்டர், இன்னொன்னு இருக்குமா?"

"பிள்ளைங்களுக்கா?"

"இல்ல." தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்குத்தான்."