அகத்திக் கட்டும் இரண்டு காளைகளும்

மேட்டூர் அணை எழும்புவதற்கு முந்தைய காவிரியில் பரிசல் போட்டவன் நான். ஆடிப் புதுவெள்ளம் இரு கரையும் தொட்டு ஓடிய ஒரு நடுப்பகலில், செல்லம்மாள் என்ற வெற்றிலைக் கொடிக்கால்காரரையும் அவருடைய இரண்டு காளைகளையும் பத்திரமாகக் கரை சேர்ப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டு, நான் மட்டும் ஆற்றுக்குள் விழுந்தேன். துறையே பார்த்துச் சிரித்த சங்கதி. நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும்.

முதலில் தொழிலைச் சொல்கிறேன். மூங்கில் பிளாச்சில் பின்னி எருமைத் தோல் போர்த்தியது எங்கள் பரிசல். எங்கள் கரையில் நெல், வெற்றிலை, வாழை, கரும்பு. கரூர்ப் பக்கத்துக் கரையில் மாட்டுச் சந்தை. வெற்றிலை அக்கரை போகும், மாடு இக்கரை வரும். ஒவ்வொரு நடைக்கும் காசு வாங்கும் வழக்கமில்லை. வருசம் முழுக்க ஏற்றி இறக்கிவிட்டு, அறுப்பு முடிந்ததும் களத்தில் போய் நின்றால் நெல் அளப்பார்கள். முகம் சுளித்த பரிசல்காரனுக்கு மரக்காலைத் தலைதட்டி அளப்பார்கள். சிரிக்க வைத்தவனுக்குக் குவித்து அளப்பார்கள். நான் கோமாளியானதற்கு இந்தத் தொழில்தான் காரணம் என்பது என் கட்சி. என் மனைவி அதை ஒப்புக்கொள்வதில்லை.

மாட்டைப் பரிசலில் ஏற்ற முடியாது. அது நீந்தித்தான் வர வேண்டும். உடையவர் பரிசலில் உட்கார்ந்து, மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, அதன் தலை முங்காமல் பார்த்துக்கொள்வார்.

செல்லம்மாளின் கொடிக்கால் வாய்க்கால் ஏறாத மேட்டில் இருந்தது. ஆறு நிறைந்து ஓடினாலும், காளை பூட்டிக் கிணற்றிலிருந்து தோல் சாலில் நீர் இறைக்கும் கவலை ஓடினால்தான் அவருடைய கொடி நனையும். இறைத்துக்கொண்டிருந்த ஜோடி அடைப்பான் நோயில் செத்துப் போயிற்று. கொடி வாட ஆரம்பித்துவிட்டது. கையில் இருந்ததையெல்லாம் போட்டுக் காங்கேயம் காளை இரண்டை வாங்கிக்கொண்டு அக்கரைத் துறையில் வந்து நின்றார்.

"ஏப்பா பழனி, இன்னைக்குப் பொழுதோட கவலை பூட்டலீன்னா கொடி அத்தனையும் கருகிப் போயிரும். எங்கள ஆத்தத் தாட்டி உட்டுருவியா?"

"என்னங்க ஆத்தா, நம்ம பரிசல் கூட வந்து முங்குன மாடு ஒண்ணு உண்டுங்களா?"

"மாடு நீந்திக்கும். நீ முங்கீருவியோன்னுதான் கேக்கறேன்."

காளைகள் தண்ணீரைப் பார்த்ததும் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டன. இழுத்தோம், தள்ளினோம், கெஞ்சினோம். அசையவில்லை. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. காலையில் சந்தை மாடுகளுக்காக ஏற்றி வந்த அகத்திக் கட்டு ஒன்று பரிசலில் மிச்சம் கிடந்தது. வெற்றிலைக் கொடி படர்வது அகத்தி மரத்தில். அதன் தழை என்றால் மாடுகளுக்கு உயிர். அந்தத் தழைக் கட்டை எடுத்துப் பரிசலின் விளிம்பில் கட்டினேன். இரண்டும் தாமாகவே ஆற்றில் இறங்கின.

"பாத்தீங்களா ஆத்தா, மூளைன்னா இதுதானுங்க."

"கரை ஏறட்டும். அப்பறம் மூளையப் பத்திப் பேசலாம்."

பாதி ஆறு வரை நான் ராசா. அதற்குள் சந்தையில் பட்டினி கிடந்த காளைகள் கட்டை எட்டிவிட்டன. ஒன்று கழுத்தை நீட்டியது. இன்னொன்று வசதியாகத் தின்ன வேண்டும் என்று முன்னங்கால் இரண்டையும் தூக்கி விளிம்பில் வைத்தது. வட்டப் பரிசல் ஒருபக்கமாகச் சாய்ந்தது. முன்னால் குந்தியிருந்த நான் தண்ணீருக்குள் போனேன். துடுப்பு மட்டும் பரிசலுக்குள்ளேயே தங்கிவிட்டது. அதற்கு என்னைவிட விவரம் உண்டு.

செல்லம்மாள் கத்தவில்லை. சாயாத பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, அகத்திக் கட்டை அறுத்து ஆற்றில் வீசினார். காளை காலை எடுத்தது. இரண்டு கயிற்றையும் காலடியில் மிதித்துக்கொண்டு, துடுப்பை எடுத்துப் போடத் தொடங்கினார். நான் கையில் சிக்கிய வாலைப் பிடித்தேன்.

"பழனி, இருக்கறயா?"

"இருக்கறேனுங்க ஆத்தா. வால்லதான் இருக்கறேன்."

"உட்டுறாதே."

துறைக்குக் கீழே ஒரு வாழைத் தோப்பில் கரை ஏறினோம். முதலில் செல்லம்மாள், அப்புறம் காளைகள், கடைசியாக நான். ஓடி வந்த கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "ஏனுங்க பழனி, உங்களக் கூட்டியாந்த மாட்டுக்கு எத்தன மரக்கால் அளப்பீங்க?"

அன்று பொழுது சாய்வதற்குள் கவலை பூட்டியாயிற்று. வாலைப் பிடித்து வந்த குற்றத்துக்கு, விளக்கு வைக்கும் வரை நானும் மடை திருப்பினேன். கொடி பிழைத்தது.

செல்லம்மாளுக்கு வாய்க்காலடியில் கொஞ்சம் நெல் வயலும் உண்டு. அறுப்பு முடிந்து அவருடைய களத்துக்குப் போனேன். அவர் முதலில் ஒரு முறம் நெல்லை அள்ளி, அன்று என்னை இழுத்து வந்த காளை முன்னால் வைத்தார்.

"அன்னைக்குத் தாட்டி உட்டது இதுதான். இதுக்கு மொதல்ல."

காளை நிதானமாகத் தின்றது. நான் துண்டை ஏந்தியபடி காத்திருந்தேன். பிறகு எனக்கும் அளந்தார், குவித்தே அளந்தார்.

"எனக்கு எதுக்குங்க ஆத்தா?"

"வாலு உடாமப் புடிச்சதுக்கு."

அதற்குப் பிறகு மாடு தாட்டும்போதெல்லாம், போய்ச் சேரும் கரையில் ஓர் ஆளை நிறுத்தி, அகத்திக் கட்டைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். மாடு நேராக அங்கே நீந்திப் போகும். பக்கத்துத் துறைக்காரர்களும் இதைப் பழகிக்கொண்டு, யோசனை யாருடையது என்று கேட்டார்கள். என்னுடையது என்றேன். எப்படித் தோன்றியது என்று கேட்டால் மட்டும் துடுப்பை எடுத்துக்கொண்டு பரிசலில் ஏறிவிடுவேன்.

இளைஞர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான்: தீனியை மாடு போய்ச் சேர வேண்டிய இடத்தில் காட்டுங்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் காட்டாதீர்கள்.