சோதனை வரிசையில் கோழிகள்

அந்தத் தெருவில் தங்கம் வெட்டப் போகாத வீடு ஒன்றுகூடக் கிடையாது. தங்கம் இருந்த வீடும் ஒன்றுகூடக் கிடையாது. பூமிக்கு அடியில் இருந்து கல்லாக ஏறி வரும், ஆலையில் இடிபடும், உருகும், கட்டியாகும், பூட்டு போட்ட வண்டியில் ஏறி எங்கேயோ போய்விடும். தெருவுக்கு மிஞ்சியது தூசி மட்டும்தான். சட்டையில் தூசி, தலையில் தூசி, சோற்றுத் தட்டைக் கவிழ்த்து வைத்தால் அதன் முதுகில் தூசி. அந்தத் தூசியோடு அன்றாடம் மல்லுக்கட்டியவள் வாலுவின் அம்மா.

வாலு என்பது கடைக்குட்டிக்கு வீட்டில் வைத்த பெயர். காரணம் விளக்க வேண்டியதில்லை. அப்பா சுரங்கத்தில் பாறையில் துளை போடுகிறவர். அண்ணன் வெட்டிய கல்லைத் தள்ளுவண்டியில் ஏற்றுகிறவன். ஒருவருக்குக் காலை ஷிப்ட் என்றால் மற்றவருக்கு மாலை ஷிப்ட் என்று கம்பெனி எப்படியோ பார்த்துப் பார்த்துப் போட்டது. அதனால் அம்மாவின் அடுப்பு ஆறியதே இல்லை. ஒருவர் குளித்த வாளியை இன்னொருவர் குளிப்பதற்குள் கழுவி வைப்பாள். நடுவில் தையல் மெஷினில் உட்கார்ந்து தெரு ஆண்களின் கால்சட்டைகளுக்கு முழங்காலில் ஒட்டுப் போடுவாள்.

"முழங்கால் கிழியாம மேலே வந்தவன் கீழே தூங்கிட்டு வந்தவன்" என்பது அவளுடைய தீர்ப்பு. எந்த வீட்டுக் கால்சட்டை கிழியாமல் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே தெருவில் பல ஆண்கள் அவளைப் பார்த்தால் கொஞ்சம் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள்.

அப்பா அவளை மேஸ்திரி என்று கூப்பிடுவார். "எனக்குக் கீழே சுரங்கத்துலயும் ஒரு மேஸ்திரி, மேலே வீட்டுலயும் ஒரு மேஸ்திரி. கீழே இருக்கிறவனாவது ஞாயித்துக்கிழமை லீவு விடுறான்" என்பார். அம்மா காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள். அவளுக்கு வேலை இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் கோழிகள் இருந்தன. ஆண்களின் சம்பளம் வாய்க்கும் வயிற்றுக்கும் சரியாகப் போய்விடும். நகரத்தில் விடுதியில் தங்கி நர்ஸ் படித்துக்கொண்டிருந்த பெரியக்காவைப் படிக்க வைத்தது இந்தக் கோழிகள்தான். அதிகாரிகள் குடியிருப்பில் மேனேஜர் வீடு தொடங்கி எல்லாருக்கும் அம்மாவின் முட்டைதான் காலைப் பலகாரம். அக்கா விடுமுறைக்கு வந்தால் அம்மா அவளைக் கோழிக்கூண்டுக்கு முன்னால் நிறுத்தி, "வாத்தியாருங்களுக்கு வணக்கம் சொல்லு" என்பாள்.

எல்லாக் கோழிக்கும் பட்டப்பெயர் உண்டு. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, யாரையும் பார்க்காமல், எதற்கோ அவசரமாகப் போவது போலவே போகும் கொழுத்த வெள்ளைக் கோழிக்கு மேனேஜர் என்று பெயர். இது வீட்டுக்குள் மட்டும் புழங்கிய பெயர்.

கோழிகளுக்கு ஒரே ஒரு குறைதான். வேலி இல்லை. கூண்டுக்குத் தகரம் இருந்தது, முற்றத்துக்குக் கம்பி இல்லை. தெரு நாய்கள் வந்து குஞ்சுகளைக் கவ்விக்கொண்டு போகும். கம்பெனி ஸ்டோரில் துருப்பிடித்த கம்பிவலை மலைபோலக் கிடந்தது. அம்மா கேட்டுப் பார்த்தாள், அப்பாவைக் கேட்கச் சொன்னாள், மேனேஜரின் மனைவி காதிலும் போட்டு வைத்தாள். "கம்பெனிச் சாமானை வெளியே குடுக்க முடியாது" என்று ஒரே பதில். நாய்கள் தின்று கொழுத்தன. கோழிகளோ, தடுக்க ஆளில்லாமல், விடிந்ததும் தெருக்கோடியில் இருந்த கழிவுமண் மேட்டுக்குப் போய்க் கிளறும். ஆலையில் தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் மண்ணைக் கம்பெனி அங்கேதான் கொட்டிக் கொட்டி ஒரு குன்றாக்கி வைத்திருந்தது.

வினை அந்த மேட்டில்தான் ஆரம்பித்தது.

முட்டையிடுவதை நிறுத்திவிட்ட கிழட்டுக் கோழி ஒன்றை அம்மா ஒருநாள் குழம்புக்காக அறுத்தாள். இரைப்பையைக் கீறிக் கழுவும்போது, பொடிக்கற்களுக்கு நடுவே மஞ்சளாக ஏதோ மின்னியது. பக்கத்தில் கறிவேப்பிலை கேட்க வந்து நின்றிருந்தவள் எதிர்வீட்டுக்காரி. அவளுக்குத் தெரு வைத்த பெயர் ரேடியோ.

"அக்கா! தங்கம்க்கா!"

"தங்கமும் இல்ல, தகரமும் இல்ல. கறிவேப்பிலை அந்தக் கூடையில இருக்கு, எடுத்துக்கிட்டுக் கிளம்பு" என்றாள் அம்மா. சட்டென்று கையால் வழித்துத் தண்ணீரோடு சாக்கடையில் ஊற்றினாள்.

ரேடியோ கறிவேப்பிலையை மறந்துவிட்டுப் போனாள். அது ஒன்றே போதும், என்ன நடக்கப்போகிறது என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் கோழியின் வயிற்றில் பட்டாணி அளவுக்கு இருந்த தங்கம் எலுமிச்சை அளவுக்கு வளர்ந்துவிட்டது.

மறுநாள் காலையில் எக்ஸ்ரே வந்தார். அவர் சுரங்க வாசலின் காவல் அதிகாரி. ஷிப்ட் முடிந்து வெளியே வரும் ஒவ்வொருவனையும் வரிசையில் நிறுத்தி, பை, பாக்கெட், ஷூ, முடி, வாய் என்று சோதித்து அனுப்புவது அவர் வேலை. ஆளை ஊடுருவிப் பார்ப்பதாக அவருக்கு நினைப்பு. அதனால் அந்தப் பெயர். தொப்பை நாளொரு மேனியாக வளர்ந்ததால் அவருடைய யூனிஃபார்ம் பொத்தான்கள் தெறித்துக்கொண்டே இருக்கும். அவற்றைத் தைத்துக் கொடுப்பதும் அம்மாதான்.

முதலில் சாக்கடையைத் தோண்ட வைத்தார். சேறு வந்தது, நாற்றம் வந்தது, அண்ணன் போன வருஷம் தொலைத்த சீப்பு வந்தது. பிறகு வீட்டுக்குள் வந்து அரிசிப் பானை, தலையணை, மெஷின் இழுப்பறை என்று குடைந்தார். பொத்தான் டப்பாவைத் திறந்து உள்ளே விரல் விட்டு அளைந்தார். பளபளவென்று பொத்தான், கொக்கி, ஜிகினா. "குப்பை" என்று மூடி வைத்தார்.

வாலு கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வலது காதை முடியால் மூடியிருந்தாள். ஒரு வாரமாகவே அவள் தலையைத் தானே வாரிக்கொள்கிறாள். அழுது அடம்பிடித்து வாங்கிய பூ வடிவக் கவரிங் தோட்டில் ஒன்றை எங்கேயோ தொலைத்துவிட்டாள். அம்மாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவாள் என்று, 'நான் பெரியவளாயிட்டேன், நானே வாரிக்கிறேன்' என்று சொல்லி வைத்திருந்தாள்.

"இங்க பாரும்மா" என்றார் எக்ஸ்ரே. "மேட்டு மண்ணு கம்பெனிச் சொத்து. அதுல கிடக்கிறதும் கம்பெனிச் சொத்து. உன் கோழி அதை முழுங்குது. நாளைக்கு ஷிப்ட் முடியற நேரத்துக்கு எல்லாக் கோழியையும் கேட்டுக்குக் கொண்டா. அங்கேயே அறுத்து வயித்தைப் பார்க்கணும். கறியை நீயே எடுத்துக்கோ, யார் வேண்டாம்னாங்க? வரலேன்னா உன் வீட்டுக்காரருக்கு வேலை இருக்காது."

அப்பா சாப்பிட உட்கார்ந்தும் சாப்பிடவில்லை.

"குடுத்துடலாம் மேஸ்திரி. கோழி போனாப் போகுது."

"கோழியோட பெரியவ படிப்பும் போகும். பாதிப் படிப்போட வந்து, அவளும் என்கூட உட்கார்ந்து முழங்கால் தைக்கட்டுமா?"

அப்பா தட்டை ஓரமாக நகர்த்தினார். அம்மா கால்சட்டை ஒன்றை மெஷினில் நுழைத்தபடி, சம்பந்தமே இல்லாதது போலக் கேட்டாள்: "ஏங்க, கேட்டுல யாராவது தங்கத்தை முழுங்கிட்டான்னு சந்தேகம் வந்தா என்ன பண்ணுவாங்க?"

"பக்கத்து ரூம்ல அடைச்சு வெப்பாங்க. ஒரு வாளி குடுப்பாங்க. வர்ற வரைக்கும் உட்கார வேண்டியதுதான்."

"வயித்தை அறுக்க மாட்டாங்களா?"

"மனுஷனை எப்படிடீ அறுப்பாங்க?"

"வந்ததை யார் பார்ப்பாங்க?"

"எக்ஸ்ரேதான். ரூல் அப்படி." அப்பா அந்தக் கவலையிலும் சிரித்துவிட்டார்.

"அப்போ சரி. சாப்பிடுங்க" என்றாள் அம்மா.

மறுநாள் கோழிகளுக்கு விருந்து வைத்தாள். ஊறவைத்த சோளம், தவிடு, தண்ணீர்விட்ட பழைய சோறு, எல்லாம் போதும் போதும் என்கிற வரைக்கும். பிறகு கூடைகளில் அடைத்து, ஒன்றைத் தலையில் வைத்து, மற்றொன்றை வாலுவிடம் கொடுத்து, சங்கு ஊதும் நேரத்துக்குச் சுரங்க வாசலுக்குப் போனாள்.

எக்ஸ்ரே கத்தியோடு காத்திருந்தார். அம்மா அவர் பக்கம் போகவே இல்லை. சுரங்கத்திலிருந்து இரும்புக் கூண்டில் மேலே ஏறி வந்த ஆட்கள் நின்றிருந்த வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

"ஏம்மா, இங்க வா!"

"வரிசை இருக்கே சார். என் கோழிங்களும் காலையில போயி, மேட்டுல வேலை பார்த்து, இப்பதான் ஷிப்ட் முடிஞ்சு வருதுங்க. முறைப்படி சோதிச்சு அனுப்புங்க."

வரிசையில் ஒருவன் களுக்கென்றான். முன்னால் நின்ற அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான், தோள் மட்டும் குலுங்கியது.

"சோதிக்கிறதா? அறுக்கணும்!"

"முழுங்கினவங்களை ரூம்ல அடைச்சு, வாளி குடுத்து, காத்திருந்து பார்க்கணும்னுதானே ரூல்? இவங்கள்ல யார் வயித்தையாவது இதுவரைக்கும் அறுத்திருக்கீங்களா? கோழிக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?"

"அதானே!" என்றது வரிசை. இப்படி ஒரு வாய்ப்புக்காக அவர்கள் வருஷக்கணக்கில் வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தவர்கள்.

வாலு கூடை மூடியைத் திறந்தது தெரியாத்தனமாகவா, தெரிந்தேவா என்று வீட்டில் இன்றுவரை தகராறு இருக்கிறது. கோழிகள் சோதனை அறைக்குள் பாய்ந்தன. காலையில் சாப்பிட்ட விருந்துக்குக் கணக்கு காட்டத் தொடங்கின. மேசையில், நாற்காலியில், தொங்கிய தொப்பியில்.

"சார், இதோ!" அம்மா குதூகலமாகக் கை காட்டினாள். "கம்பெனிச் சொத்து. காயறதுக்குள்ள பாருங்க. அங்கேயும் ஒண்ணு. அய்யோ, மிதிச்சுடாதீங்க சார், எவ்வளவு தங்கமோ!"

வெளியே போகவேண்டிய ஷிப்ட் போகவில்லை, உள்ளே வரவேண்டிய ஷிப்ட் வரவில்லை. சுரங்கமே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. சத்தம் கேட்டு ஆபீஸிலிருந்து மேனேஜர் வேகவேகமாக வந்தார். சரியாக அதே நேரத்தில் வாலு உள்ளேயிருந்து கத்தினாள்:

"அம்மா! மேனேஜர் மறுபடியும் கக்கா போயிட்டாரு!"

ஒரு நிமிஷம் யாரும் மூச்சு விடவில்லை. அப்புறம் விட்ட மூச்சில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

மேனேஜர் முகம் சிவந்து, "என்ன நடக்குது இங்க?" என்றார். எக்ஸ்ரே விளக்கினார். விளக்க விளக்க அது கேட்பதற்கு இன்னும் கேவலமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து, வெள்ளைக் கோழி எக்ஸ்ரேயின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, ஒரு முட்டையை இட்டுவிட்டுக் கொக்கரித்தது.

அம்மா முட்டையை எடுத்துப் புடவையில் துடைத்து, இரண்டு கையாலும் மேனேஜரிடம் நீட்டினாள். "கம்பெனி முட்டை சார்."

"இது எதுக்கு எனக்கு?"

"கோழி கம்பெனி மண்ணைத் தின்னுது, அதனால வயித்துல இருக்கிறதெல்லாம் கம்பெனிச் சொத்துன்னு இந்த சார் சொல்றாரு. அப்போ முட்டையும் அதே வயித்துல இருந்து வந்ததுதானே?" அம்மா குரலைத் தாழ்த்தினாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "எனக்கு ஒரே பயம்தான் சார். இத்தனை நாளா தினம் உங்க வீட்டுக்கு அனுப்பிட்டேன். உங்க வீட்டம்மாவும் வாங்கிக்கிட்டாங்க, நீங்களும் சாப்பிட்டுட்டீங்க. இப்போ இந்த வரிசையில..."

மேனேஜர் சோதனை அறை மூலையில் இருந்த வாளியைப் பார்த்தார். எக்ஸ்ரேயைப் பார்த்தார்.

"கோழிங்க இந்தம்மாவோடது" என்றார். "முட்டையும் இவங்களோடது. முடிஞ்சது. ஆனா இனிமே ஒரு கோழி மேட்டுப் பக்கம் போகக்கூடாது."

"நல்லது சார். மேட்டைச் சுத்தி வேலி போட்டுடுங்க, போகவே போகாது."

மேனேஜர் நிமிர்ந்து மேட்டைப் பார்த்தார். அது ஆலைக் கூரைக்கு மேலே எழும்பி, அரை ஊரை மறைத்துக்கொண்டு நின்றது. பிறகு கூடையைப் பார்த்தார்.

"ஸ்டோர்ல பழைய கம்பிவலை கிடக்கே" என்றார் களைத்துப்போய். "அதைக் கோழிங்களைச் சுத்திப் போடச் சொல்லுங்க. இன்னைக்கே."

அண்ணனும் ஸ்டோர் ஆட்களும் சேர்ந்து வேலி போட்டார்கள். நல்ல உயரமான வேலி. நாய்கள் வந்து மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுப் போயின. அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "மேஸ்திரி, இது உன் அதிர்ஷ்டம்" என்றார். அம்மா தவிட்டை அள்ளிக் கோழிகளுக்குப் போட்டாள்.

சில நாள் கழித்து எக்ஸ்ரேயின் யூனிஃபார்ம் கோட்டு வீட்டுக்கு வந்தது. ஆத்திரம் எவ்வளவு இருந்தாலும் தெறித்த பொத்தானைத் தைக்க வேறு போக்கிடம் இல்லை. அம்மா பொத்தான் டப்பாவைத் திறந்தபடி வாலுவைக் கூப்பிட்டாள்.

"வா, தலை வாரி விடறேன்."

"நானே..."

"வாடீ." அம்மா அவளை இழுத்து உட்காரவைத்து, வலது காதை மூடியிருந்த முடியை ஒதுக்கினாள். டப்பாவுக்குள் விரல் விட்டு, நசுங்கிப்போன ஒரு மஞ்சள் பூவை எடுத்து வாலுவின் உள்ளங்கையில் வைத்தாள். கல் விழுந்து, திருகு ஒடிந்து, கோழியின் வயிற்றில் தேய்ந்து பளபளவென்று இருந்தது.

வாலுவுக்கு முதலில் பயம் வந்தது. பிறகுதான் விஷயம் உறைத்தது.

"அன்னைக்கே உனக்குத் தெரியுமா?"

"என் காசுல வாங்கினது எனக்குத் தெரியாதா? இதைக் கையில மறைச்சுக்கிட்டு மிச்சத்தைத்தான் சாக்கடையில ஊத்தினேன்."

"கவரிங்னு அந்தாளுகிட்ட சொல்லியிருக்கலாமேம்மா!"

"சொன்னா நம்புவானா? மறைக்கிறேன்னு சொல்லி வீட்டையே இடிச்சிருப்பான்." அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நம்பிட்டான்னு வெச்சுக்கோ, அது இன்னும் மோசம். வேலி யார் போடுவா?"

வாலுவின் கையிலிருந்து பூவை எடுத்துக்கொண்டாள். கோட்டின் உள்பாக்கெட்டு விளிம்பைப் பிரித்து, அதை உள்ளே தள்ளி, கண்ணுக்கே தெரியாத தையலாகப் போட்டு மூடினாள். அதற்கப்புறம்தான் பொத்தானை எடுத்தாள்.

எக்ஸ்ரே ஓய்வு பெறும் வரையில் அந்தக் கோட்டைத்தான் போட்டிருந்தார். அதைப் போட்டுக்கொண்டுதான் ஆட்களின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். வேலை முடிந்ததும் அதோடுதான் தினமும் கேட்டைத் தாண்டி வீட்டுக்குப் போனார். அவரைச் சோதிக்க அங்கே ஆள் இல்லை.