ராக்கம்மாவின் காது

பாட்டில் கம்பெனியில் அவளுக்கு ராக்கம்மா என்று பேர் வைத்தவர் லைன் சூப்பர்வைசர். எல்லோரும் சினிமாப் பாட்டு முணுமுணுக்கும் இடத்தில், கிட்டாரை அழவிட்டு முனகிப் பாடுகிற ஆல்டர்நேட்டிவ் ராக்கை அவள் ஒருத்திதான் கேட்டுக்கொண்டிருந்தாள். பதினேழு வருஷமாக அவள் வேலை, பெல்ட்டில் ஓடும் காலி பாட்டில்களில் கீறல் விழுந்ததைப் பொறுக்கி எடுப்பது. கண்ணாடியும் கண்ணாடியும் மோதுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவளிடம் கையால்தான் பேச முடியும். கொடுத்த காதடைப்பானை அவள் பையிலேயே வைத்திருந்தாள். விரிசல் பாட்டில் சத்தத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பாள்.

அவளுக்கு உயிரான குழு பிரிந்து பல காலம் ஆகியிருந்தது. அவர்களுடைய சிறந்த பதினெட்டுப் பாட்டுகள் ஒரே ஆல்பமாக, லாஸ்லெஸ் ஃபைலாக வந்தன. ஸ்டூடியோவில் பதிவானதில் ஒரு பொட்டுகூடக் குறையாமல் கேட்கலாம் என்றார்கள். நல்ல ஹெட்ஃபோன் வாங்கி, ஞாயிறு காலை துணியெல்லாம் காயப்போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

பாட்டு கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. டிரம்ஸின் அடி இருந்தது. மேலே சிதறும் தாளத்தட்டைக் காணோம்.

நேரே கடைக்குப் போனாள். "என்னங்க, டூப்ளிகேட்ட தலைல கட்டிட்டீங்களா?"

கடைக்காரர் மாட்டிக்கொண்டு பாதிப் பாட்டு கேட்டார். "மேடம், இதுல கொசு பறந்தாகூடக் கேட்கும் போலிருக்கே!"

ஆள் பசப்புகிறான் என்று நினைத்து, தங்கை வீட்டுக்குப் போய் அவள் தலையில் மாட்டினாள். தங்கைக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அக்கா, அவன் மூச்சு இழுக்கறதுகூடக் கேக்குது."

"மூச்சா? எங்க?"

"இதோ, இப்போ. மறுபடியும். உனக்குக் கேக்கலையா?"

கொஞ்ச நாளாக டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே வந்ததும், எல்லோரும் வார்த்தையை மென்று பேசுகிறார்கள் என்று சலித்துக்கொண்டதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

காது டாக்டர் பரிசோதனைத் தாளைத் திருப்பிக் காட்டினார். கோடு பாதியில் மாடிப்படியிலிருந்து உருண்டதுபோல் இறங்கியிருந்தது. "மெல்லிசான சத்தம் எதுவும் இனி வராதும்மா. கம்பெனில வருஷா வருஷம் டெஸ்ட் எடுப்பாங்களே, எப்படித் தேறினீங்க?"

"சில பீப் காதுல விழலை, மிஷின் கோளாறுன்னு நெனச்சேன் சார். பீப் சத்தம் விடும்போது டெஸ்ட் எடுக்கற பொண்ணோட தோள் லேசா அசையும். கண்ணாடித் தடுப்பு வழியா பாத்து பட்டனை அமுக்கிடுவேன். தேறலைன்னா லைனை விட்டுத் தூக்கிடுவாங்க சார்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

டாக்டர் தாளோடு போய் கம்பெனியில் நஷ்டஈடு கேட்டபோது, சூப்பர்வைசர் காது டெஸ்ட்டின் பழைய படிவங்களை எடுத்துப் போட்டார். எல்லாவற்றிலும் 'குறை எதுவும் இல்லை'. எல்லாவற்றிலும் அவள் கையெழுத்து. "நீயே எழுதிக் குடுத்திருக்க ராக்கம்மா. நான் மேல போய் என்னன்னு பேசறது?" அவர் குரலில் கோபம் இல்லை. மறுநாளே அட்டைப்பெட்டி ஒட்டும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் அவள் காதுக்குள் மட்டும் ஒரு ரீங்காரம் விடாமல் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை வந்தாள். ஆளுக்கொரு ஹெட்ஃபோனில் பாட்டைப் போட்டு, என்னென்ன கேட்கிறது என்று தங்கை சொல்ல வேண்டும். முதல் வாரம் மூச்சுவிடாமல் சொன்னாள். மூன்றாம் வாரம் ஃபோனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

பதினோராவது பாட்டு முடியும் தறுவாயில் அக்கா தங்கையின் கையைத் தொட்டாள். "இப்போ என்ன வருது?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மா கிட்டார்தான்."

அந்த இடத்தில் பாடகன் வாய்க்குள்ளேயே சிரிப்பான். காது நன்றாக இருந்த நாளில் அதற்காகவே அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறாள். தங்கையின் முகத்தைப் பார்த்தாள். அவள் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்; வீட்டில் அவள் பிள்ளைகள் பசியோடு காத்திருப்பார்கள்.

"சரி, நீ கிளம்பு. வெயில் ஏறிடும்," என்று அக்கா ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.