எறி, ஏரி

உதியன்குளங்கரை முக்கில் இருக்கும் பெட்ரோல் பம்பில் வண்டிகளுக்குக் காற்றடிக்கிறவர் சுந்தரதாஸ். வயது ஐம்பத்திரண்டு. வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. மிச்சமிருக்கும் இடது கையால் அவர் காற்றும் அடிப்பார், ஆளையும் அடிப்பார். "சீக்கிரம் அடிலே, ஒத்தக்கையா" என்று சொன்ன ஒரு டெம்போ டிரைவரின் மூக்கைக் காற்றுக்குழாயின் பித்தளை முனையாலேயே உடைத்திருக்கிறார். அந்த ஆள் சட்டை நிறைய ரத்தத்தோடு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். நான்கு சக்கரத்திலும் காற்று மட்டும் அளவாக இருந்தது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அவருடைய மனைவி மினி சொல்வாள். அந்த ஆத்திரம் பிறவியிலேயே வந்ததல்ல. அதற்கு ஒரு தேதி உண்டு.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் அவரும் அவருடைய கூட்டாளி வேலாயுதனும் ஆறு கடலில் சேரும் பூவார் பொழிக்கு மேலே, பாலத்தடியில் தோட்டா போட்டு மீன் பிடிப்பார்கள். தோட்டா என்றால் வெடிதான். திரியில் தீ வைத்து மீன் கூட்டத்தின் நடுவே எறிந்தால், குடல் கலங்கி மேலே வருவதை அள்ளிக்கொள்ளலாம். போலீஸ் பிடித்தால் ஜெயில். ஆனாலும் எளிதான வேலை, இளவட்டம், யார் சொல்லிக் கேட்பது? ஒருநாள் சுந்தரதாஸ் கொளுத்திய தோட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு மீன் கூடட்டும் என்று நின்றார். கரையில் நின்ற வேலாயுதன் ஏதோ கத்தினார். சுந்தரதாஸ் குனிந்து தண்ணீரைப் பார்த்தார். அடுத்து அவர் பார்த்தது, தன் மணிக்கட்டில் தொங்கிய தோல்தான்.

என்ன கத்தினார் என்பதில்தான் எல்லாச் சண்டையும். ஏரி என்றால் மற்ற ஊர்க்காரர்களுக்குத் தண்ணீர் நிற்கும் இடம். மலையாளமும் தமிழும் ஒரே வாயில் கிடக்கும் இந்த எல்லைப்பக்கத்தில் ஏரி என்றால் மீன். உப்பும் நல்ல தண்ணீரும் கலக்கும் இடத்தில் வாழும் கருத்த மீன். சிப்பியைக் கடித்து நொறுக்கும் பல்லும், முதுகில் முள்வரிசையும் உண்டு. "நீ ஏரின்னுதான் கத்தின. மீன் ஆசையில எனக்க கையைக் கொண்டு போயிட்ட" என்பார் சுந்தரதாஸ். "எறின்னாக்கும் சொன்னேன். திரி தீந்து போச்சு, எறிலேன்னு சொன்னேன்" என்பார் வேலாயுதன்.

ஒற்றைச் சொல்லுக்காக எத்தனை ரத்தம்! சபையில் அசனம் என்று ஊருக்கே சாப்பாடு வைத்த நாளில், அக்கம்பக்கத்தார் என்று சாப்பிட வந்து உட்கார்ந்திருந்த வேலாயுதனின் முன்பல் இரண்டைச் சுந்தரதாஸ் குழம்பு அகப்பையால் தட்டி எடுத்தார். இலையில் சோற்றோடு பல் கிடந்தது. அடுத்த வாரமே வேலாயுதன் ரப்பர் தோட்டத்து வழியில் காத்திருந்து, கம்பால் அடித்து அவருடைய விலா எலும்பை முறித்தார். இரண்டு பேரையும் ஸ்டேஷனில் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தபோது, அங்கேயும் எட்டி உதைத்துக்கொண்டார்கள்.

சூடுபட்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். சுந்தரதாஸ் போனார். அதே பாலத்தடிக்கு, அதே ஏரியைத் தேடி. மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் மகள் ஜினி, அப்பா அடிதடியை விட்டு வேறு எதிலாவது புத்தியைச் செலுத்தட்டும் என்று ஒரு தூண்டில் கம்பும், ஒரு டப்பா நிறைய பிளாஸ்டிக் பொய்மீன்களும் அனுப்பினாள். கட்டியான உடம்பு, வயிற்றில் மும்முனைக் கொக்கிகள். சுந்தரதாஸ் அவற்றுக்குத் தாமே பெயர் வைத்தார்.

மெலிந்து நீண்டது நெத்தோலி. பார்க்க அழகு, பிழைப்புக்கு ஆகாது. அதைச் சுண்டிச் சுண்டி இழுத்தால்தான் அடிபட்ட மீன் மாதிரித் துடிக்கும். சுண்டுவதற்கு வலது மணிக்கட்டு வேண்டும். உருண்டு திரண்டது குண்டன். முகத்தில் தகடு நீட்டிக்கொண்டிருக்கும். கம்பை வலது கக்கத்தில் இடுக்கி, மொட்டைக் கையோடு வாரால் கட்டிக்கொண்டு, இடது கையால் நரம்புச் சக்கரத்தைச் சும்மா சுற்றினால் போதும், தானாகவே முங்கிப்போய்ப் பாறையில் முட்டும். முட்டுகிற சத்தம் ஏரிக்கு ஆகாது. பசியில் அல்ல, கோபத்தில் பாய்ந்து கடிக்கும். அதனாலேயே சுந்தரதாஸுக்கு அந்த மீனைப் பிடித்தது. ஆனால் குண்டனை எறிந்தால் காற்றில் புரண்டு கோணலாகப் போகும். மூன்றாவது தகடன். தட்டையாக, கனமாக, வயிற்றுக்குள் குண்டுமணி கிலுங்க, எறிந்த இடத்துக்கு நேராகப் போகும். போனதும் கல்லாக முங்கி அடியில் சிக்கிக்கொள்ளும். அதனால் அவர் தகடனை அதிகம் எடுப்பதில்லை.

அந்தச் சனிக்கிழமை மழை விட்டு வெயில் அடித்தது. நாலு மணிக்குக் கடல் வெள்ளம் ஆற்றில் ஏற ஆரம்பித்ததும் சுந்தரதாஸ் பாலத்தடியில் குண்டனை எறிந்தார். ஒரு மணி நேரம் எறிந்தும் ஒன்றும் கடிக்கவில்லை. தண்ணீர் சேறாகக் கலங்கிக் கிடந்தது. குண்டனின் முகத்தகட்டில் ஒவ்வொரு தடவையும் பாசி சுற்றிக்கொண்டு வந்தது. கண் தெரியாத தண்ணீரில் சத்தம் கேட்டாலாவது வருமா என்று யோசித்தார். தகடனைக் கட்டினால் கிலுங்கும், ஆனால் சிக்கினால் போச்சு, ஜினி அனுப்பியதில் தகடன் அது ஒன்றுதான். குண்டனோடு இன்னும் பத்து எறி பார்க்கலாமா? டப்பாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். கடைசியில் ஒரு கெட்ட வார்த்தை சொல்லி தூண்டில் நரம்பைப் பல்லால் கடித்து அறுத்து, தகடனைக் கட்டினார். ஒற்றைக் கையும் பல்லுமாக முடிச்சுப் போட அவருக்குக் கால் மணி நேரம் ஆகும்.

முடிச்சை எச்சில் தொட்டு இறுக்கிவிட்டுத் தலையைத் தூக்கியபோது, எதிர்க்கரையில் பாலத்தூண் அடியில் அனூஜ் நின்றான். வேலாயுதனின் ஒரே மகன், இருபத்து நாலு வயது. முன்னால் தண்ணீரில் சோற்றை இறைத்துவிட்டுக் கையில் ஒரு பொதியோடு நின்றான். அது என்ன பொதி என்று சுந்தரதாஸுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இல்லாத கை விரல்கள் வலித்தன.

"எலே அனூஜே! அதைத் தூக்கிட்டுப் போயிருலே! இல்லேங்கி மண்டையப் பிளந்துருவேன், கேட்டியா?"

"உமக்கு இன்னும் ஒரு கை மிச்சம் உண்டுல்லா மாமா? அதை வச்சுக்கிட்டுச் சும்மா இரும்" என்று சிரித்தான் அனூஜ். சிகரெட்டைத் திரியில் வைத்தான்.

நிஜத்தை மறைப்பானேன்? அந்த நேரத்தில் சுந்தரதாஸின் மனசில் வந்தது நல்ல நினைப்பல்ல. வெடிக்கட்டும். வேலாயுதனும் தன் மகனின் கையைத் துணியில் பொதிந்து எடுத்துக்கொண்டு ஓடட்டும். அப்போது தெரியும் அவனுக்கு. அப்படித்தான் நினைத்தார், நினைத்தபோது இனிக்கவும் செய்தது.

அனூஜ் எறியவில்லை. சோற்றுக்கு மீன் கூடட்டும் என்று கையிலேயே வைத்திருந்தான். திரியின் புகை அவன் விரலைத் தொட்டது. சுந்தரதாஸின் வாய் அவரைக் கேட்காமலே திறந்தது.

"எறீ! எறீலே!"

பாலத்தின் மேலே ஒரு லாரி போனது. அனூஜ் முகம் மலர்ந்து, குனிந்து தண்ணீரைப் பார்த்தான்.

"எங்க மாமா? ஏரி எங்க?"

இருபத்தாறு வருடம் அந்த ஒரு நொடியில் சுந்தரதாஸின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. இன்னொரு தடவை கத்த நேரமில்லை. கம்பை இடது கையால் வீசினார். தகடன் கிலுங்கிக்கொண்டு நேராகப் போய், தோட்டா பிடித்த கையின் மணிக்கட்டில் அடித்தது. சுந்தரதாஸ் உடம்பையே பின்னால் சாய்த்து இழுத்தார். கொக்கிகள் சதையில் புதைந்தன. அனூஜ் அலறிக்கொண்டு பக்கவாட்டில் விழ, தோட்டா விரல் நழுவித் தண்ணீருக்குள் போனது.

வெடித்தது. சேறும் கல்லும் பாலத்தின் அடிவயிறு வரைக்கும் எழும்பின. அனூஜ் தூணில் மோதி நெற்றி பிளந்து கிடந்தான். காதில் ரத்தம். மணிக்கட்டில் தகடன் தொங்கியது. கொக்கி இழுத்த வழியெல்லாம் சதை கிழிந்து நரம்பு வெளுத்துத் தெரிந்தது. ஆனால் ஐந்து விரலும் இருந்தன. சுந்தரதாஸ் நெஞ்சளவுத் தண்ணீரில் இறங்கிக் கடந்துபோய், அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். அவரைச் சுற்றிலும் ஏரிகள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டு சேர்த்ததும் அவர்தான். கொக்கியை வெட்டி எடுக்க ஆள் வர வேண்டும் என்று அவனை வராந்தாவில் தள்ளுகட்டிலிலேயே போட்டிருந்தார்கள். அரை மணி நேரத்தில் வேலாயுதன் ஓடி வந்தார். மகனின் கையில் தொங்குவது யாருடைய பொய்மீன் என்று அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். அவர் நேராக வந்து சுந்தரதாஸின் வாயில் ஒரு குத்து விட்டார்.

சுந்தரதாஸின் இடது கை முஷ்டி கட்டி மேலே போனது. சேதி கேட்டு வந்திருந்த மினி அலறினாள். அந்தக் கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கீழே இறங்கியது.

"அப்பா, அடிக்காண்டாம்" என்று முனகினான் அனூஜ். "மாமா எறிலேன்னாக்கும் சொன்னாரு. எனக்கு ஏரின்னு கேட்டுப்போச்சு."

வேலாயுதன் மகனைப் பார்த்தார். பிறகு சுந்தரதாஸைப் பார்த்தார். சுந்தரதாஸ் ரத்தத்தைத் துப்பினார்.

"எலே வேலாயுதா, நீ எறின்னுதான் சொன்ன."

"இருவத்தாறு வருசமா அதைத்தானலே சொல்லுதேன்!" என்றார் வேலாயுதன். முன்பல் இல்லாத வாய் கோணி, கண்ணிலிருந்து கரகரவென்று நீர் வழிந்தது. அழுதுகொண்டே இன்னொரு அடி அடித்தார். அதையும் சுந்தரதாஸ் வாங்கிக்கொண்டார்.